மத்தேயு 18:15: "தனித்திருக்கையில் போய்" பேசுவது நடைமுறையில் எப்படி?

பெரேயாக்காரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்த சகோதரனிடம் முதலில் தனியாய்ப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து, சபைக்கும் செவிகொடாவிட்டால் அவன் உனக்கு அஞ்ஞானியைப்போல இருப்பானாக என்று மத்தேயு 18:15-17இல் இயேசு நாலு படி சொல்கிறார். மன்னிப்பு பற்றிப் பிரசங்கம் நிறையக் கேட்கிறோம், செய்முறைதான் கிடைப்பதில்லை. எந்தச் சபையிலும் நடக்கக்கூடிய ஒரு நிலவரத்தை வைத்துக் கேட்கிறேன். இரண்டு விசுவாசிகள். ஒருவர் மற்றவரிடம் கைமாற்று வாங்கினார், ஆறு மாதத்தில் தருவதாகப் பேச்சு. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கேட்டால் "கர்த்தர் வழி திறப்பார்" என்கிறார். போதாததற்கு, கொடுத்தவரைப் "பண ஆசை பிடித்தவர்" என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

கடனைத் திருப்பிக் கேட்பதே தவறா? போய்ப் பேசுவதென்றால் எப்போது, என்ன சொல்லி? மன்னித்துவிட்டால் கடனும் ரத்தா? வசன எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், ப்ளீஸ்.

கடுகுவிதை:
முதலில் இதில் இரண்டு வழக்கு இருப்பதைப் பாருங்கள். ஒன்று பணம், இன்னொன்று அவதூறு. இரண்டையும் ஒரே உட்காரலில் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் எதையும் முடிக்காமல் எழுந்து வருவார்கள். பணத்தைப் பற்றிக் கேட்டால் அவர் "நீங்கள் அன்றைக்கு அப்படிப் பேசினீர்களே" என்பார். பேச்சைப் பற்றிக் கேட்டால் "பணத்துக்காகத்தானே வந்தீர்கள்" என்பார். ஒரு தடவைக்கு ஒரு விஷயம்.

கடனைக் கேட்பது தவறல்ல. இயேசு லூக்கா 6:34-35இல் திரும்ப வரும் என்று எதிர்பாராமல் கொடுக்கச் சொல்வது கொடுக்கிற வேளையில் நம் மனம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. வாங்கியவர் தராமல் இருக்கலாம் என்ற அனுமதிச் சீட்டு அல்ல அது. "துன்மார்க்கன் கடன்வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்று சங்கீதம் 37:21 நேராகவே சொல்கிறது.

இனி முதல் படி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என்ன நடந்தது, என்றைக்கு, எவ்வளவு. மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது. அதில் "எப்பவும்", "வேண்டுமென்றே" போன்ற சொற்கள் இருந்தால் அடித்துவிடுங்கள். நடந்தது மட்டும் இருக்கட்டும், அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்ற நம் ஊகம் வேண்டாம். பிறகு நேரம் கேளுங்கள்: "உங்களோடு அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும், எப்போது தோதுப்படும்?" போனில் விஷயத்தை ஆரம்பிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதவே எழுதாதீர்கள். எழுத்தில் குரலின் தணிவு தெரியாது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் "தனித்திருக்கையில்" என்பது அதோடு போயிற்று. ஆராதனை முடிந்த கையோடு வாசலில் நிறுத்திப் பேசுவதும் வேண்டாம், நாலு பேர் பார்ப்பார்கள்.

உட்கார்ந்ததும் முதல் வாக்கியம் கேள்வியாக இருந்தால் நல்லது. "இந்தத் தொகையை இந்த மாதத்தில் தருவதாகப் பேசிக்கொண்டோம். நான் புரிந்துகொண்டது சரிதானா?" அவர் ஆமாம் என்றால் பாதி வேலை முடிந்தது. இல்லை என்றால் சண்டையே வேறு எங்கோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதன்பின் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். இதுதான் பலருக்கு வராது.

தபீத்தாள்:
கடுகுவிதை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முதல் படி கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் பேசும் அறை அல்ல, அதற்கு முந்தின வாரம். "ஒரு பிரதருக்காக ஜெபிச்சுக்குங்க, பெயர் சொல்ல விரும்பலை, ஆனா கடன் வாங்கிட்டு..." என்று ஜெபக்குறிப்பாகவே விஷயம் ஊர் சுற்றிவிடும். கேட்கிற பத்துப் பேருக்கும் யாரென்று தெரியும். அதன்பிறகு தனியாய்ப் போய் என்ன பயன்? அவர் காதுக்கு உங்களுக்கு முன்பே அது போய்ச் சேர்ந்திருக்கும். ஆலோசனை தேவையானால் ஒரே ஒருவரிடம், உங்கள் இருவரோடும் சண்டை இல்லாத ஒருவரிடம், பெயர் இல்லாமல் கேளுங்கள். அவரால் யாரென்று ஊகிக்க முடியும் என்றால் அவரும் வேண்டாம்.

மாற்கு_பதினொன்று:
போவதற்கு முன் மாற்கு 11:25. ஜெபத்தில் நிற்கும்போதே மன்னிக்கச் சொல்கிறார். எதிராளி அங்கே இல்லை, வருத்தப்பட்டானா இல்லையா என்ற பேச்சும் இல்லை. லூக்கா 17:3இல் "அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்கிறார். ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும். முதலாவது எனக்கும் தேவனுக்கும் நடுவில் நடப்பது: பழிவாங்கும் உரிமையை ஒப்படைத்துவிடுவது. இரண்டாவது அவனுக்கும் எனக்கும் நடுவில்: முகம் பார்த்து "மன்னித்தேன்" என்று சொல்வது. முதலாவதை முடிக்காமல் போனால், நீங்கள் சகோதரனை ஆதாயப்படுத்த, அதாவது திரும்பப் பெற, போகவில்லை, வசூலுக்குப் போகிறீர்கள்.

ஒலிவமரம்:
எல்லாம் சரி, இவ்வளவு சடங்கு தேவையா? "அன்பு திரளான பாவங்களை மூடும்" (1 பேதுரு 4:8). விட்டுவிட வேண்டியதுதானே. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் நேரம் குறித்து, மூன்று வரி எழுதி, உட்கார்ந்து பேசினால் சபை கோர்ட்டாகிவிடும்.

கடுகுவிதை:
சகோதரரே, நியாயமான கேள்வி. விட்டுவிடலாம், விட்டுவிடுவதும் சுவிசேஷ வழிதான். நீதிமொழிகள் 19:11 குற்றத்தை மன்னிப்பதை மகிமை என்கிறது. ஆனால் விட்டதாகச் சொல்லிக்கொண்டு விடாமல் இருப்பது இருக்கிறதே, அதுதான் ஆபத்து. சோதித்துப் பார்க்க மூன்று கேள்வி போதும். அவர் எதிரே வரும்போது நீங்கள் வேறு வழியாகப் போகிறீர்களா? அவருக்கு ஒரு நல்லது நடந்ததென்று கேட்டால் உள்ளுக்குள் கசக்கிறதா? அவர் செய்வது அவருக்கோ மற்றவர்களுக்கோ தொடர்ந்து கேடு செய்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள், அத்தோடு சரி, பிறகு எடுக்கக்கூடாது. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் போய்ப் பேச வேண்டும். பெரேயாக்காரன் சொன்ன நிலவரத்தில் அவதூறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே மௌனம் அன்பாகாது.

பெரேயாக்காரன்:
பேசியாயிற்று, அவர் மறுத்துவிட்டார் என்று வைப்போம். இரண்டாம் படியில் யாரைக் கூட்டிக்கொண்டு போவது? பொதுவாக மனைவியையோ மைத்துனரையோதான் கூட்டிப் போகிறார்கள்.

நெகேமியா_மதில்:
அது சாட்சி அல்ல, கூட்டணி. "இரண்டு மூன்று சாட்சிகளுடைய வாக்கினால்" என்று இயேசு எடுத்துச் சொல்வது உபாகமம் 19:15. அதே அதிகாரம் 18ஆம் வசனத்தில் நியாயாதிபதிகள் நன்றாய் விசாரணை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. பொய்ச்சாட்சி என்று தெரிந்தால், அவன் மற்றவனுக்குச் செய்ய நினைத்ததே அவனுக்கு நேரிடும் (19:19). ஆக, கூட வருகிறவர்கள் உங்கள் பக்கம் நிற்க வருவதில்லை. நீங்களே தவறு என்று முடிவாகவும் வாய்ப்பு உண்டு.

ஆகவே எதிராளியிடமே கேளுங்கள்: "நாம் இருவரும் மதிக்கிற யாராவது ஒருவர் நடுவில் இருந்தால் நன்றாயிருக்கும், நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்?" அவர் ஒருவர், நீங்கள் ஒருவர். இரண்டுக்கு மேல் வேண்டாம். ஐந்தாறு பேர் போய் ஒருவரைச் சுற்றி உட்கார்ந்தால் அது விசாரணைக் கமிஷன், நடுவில் இருக்கிறவர் தற்காத்துக்கொள்வாரே தவிர காது கொடுக்க மாட்டார். சாட்சியாக வருகிறவர்களுக்கு முன்கூட்டியே உங்கள் தரப்பை விளக்கி வைக்காதீர்கள். இருவரும் முன்னிருக்க முதல் தடவையாக அவர்கள் கேட்க வேண்டும். கடன் சீட்டு, வங்கிப் பரிமாற்றத் தாள் இருந்தால் எடுத்துப் போங்கள். முடிவில் ஒத்துக்கொண்டதைத் தேதியோடு அங்கேயே எழுதி நாலு பேரும் கையெழுத்திடுங்கள். "விசுவாசிகளுக்குள் எழுத்தா" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சொந்த உறவினனிடம் நிலம் வாங்கின எரேமியாவே பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சி வைத்து, பணத்தைத் தராசில் நிறுத்துத்தான் கொடுத்தார் (எரேமியா 32:9-10).

கத்தோலிக்கத் திருச்சபையில் இருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது (திருச்சபைச் சட்டம் 983). ஆகவே அங்கே சொல்லிவிட்டு "ஃபாதருக்கு எல்லாம் தெரியும், அவரே சாட்சி" என்று நினைக்காதீர்கள். நடுவராக வரச் சொல்வதானால் அதைத் தனியே, வெளியே கேட்க வேண்டும்.

மூன்றாம் படி, "சபைக்குத் தெரியப்படுத்து". பிரசங்க பீடத்திலிருந்து ஜாடை பேசுவது இதில் சேராது. முதலில் மூப்பர்கள், அவர்களும் மறுபடி அவரிடம் பேச வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால்தான் அடுத்தது. ஒவ்வொரு படிக்கும் நடுவில் யோசிக்க அவகாசம் கொடுங்கள். ஞாயிறு ஒரு படி, புதன் ஒரு படி என்று ஓட்டினால் திருந்த இடமே இல்லை.

ஒலிவமரம்:
கடைசிப் படியில் "அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும்" என்றால் பேச்சு வார்த்தையை நிறுத்திவிடுவதுதானே?

நெகேமியா_மதில்:
இதை எழுதி வைத்த மத்தேயுவே ஆயக்காரர் (வரி வசூலிப்பவர்) என்பது சபையின் பழைய பாரம்பரியம். அவர் வீட்டுப் பந்தியில் இயேசு ஆயக்காரரோடு உட்கார்ந்ததை 9ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். அதற்காக இந்தப் படியில் ஒன்றும் நடக்காது என்றும் சொல்ல முடியாது. சபை உறுப்பினருக்குரிய பொறுப்பு, திருவிருந்து, ஊழியம் நிற்கும். வணக்கம், நலம் விசாரிப்பு, நோயில் போய்ப் பார்ப்பது நிற்காது. பவுல் 2 கொரிந்தியர் 2:6-8இல் தண்டனை பெற்றவனைப் பற்றி "போதும், இனி மன்னித்து ஆறுதல் செய்யுங்கள்" என்ற பொருளில் எழுதுகிறார். விலக்கும் நாளிலேயே திரும்பி வரும் வழியையும் சொல்லி வைக்க வேண்டும்: என்ன செய்தால், யாரிடம் வந்தால். அதைச் சொல்லாமல் விலக்குகிற சபைகள்தான் அதிகம்.

இன்னொன்று, இந்த நாலு படிக்கு மேலே 12-14இல் காணாமற்போன ஆடு, கீழே 21-35இல் மன்னியாத ஊழியக்காரன். நடுவிலிருந்து மூன்று வசனத்தை மட்டும் கத்தரித்து எடுத்துச் சபைச் சட்டப் புத்தகத்தில் ஒட்டினால் குணமே மாறிவிடும்.

தபீத்தாள்:
அதே அதிகாரத்தில் 6ஆம் வசனமும் இருக்கிறது: சிறியரில் ஒருவனை இடறப்பண்ணுகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது நலம் என்பது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: சிறுவருக்குத் தீங்கு, வீட்டில் அடி, பாலியல் அத்துமீறல் இவற்றுக்கு "முதலில் தனியாய்ப் போய்ப் பேசு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதிக்கப்பட்டவரை அடித்தவனோடு ஒரே அறையில் தனியே உட்கார வைப்பதற்கு அல்ல இந்த வசனம். அது குற்றம். போலீசுக்குப் போக வேண்டியது, அரசு அதிகாரம் அதற்காகவே இருக்கிறது என்கிறது ரோமர் 13:4. மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரே தன்னை அறைந்த சேவகனிடம் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் வேறு பட்டணத்துக்கு ஓடிப்போகவும் சொன்னார் (மத்தேயு 10:23). ஊழியக்காரர் மேல் குற்றச்சாட்டு என்றால் 1 தீமோத்தேயு 5:19-20ஐச் சேர்த்துப் படியுங்கள். 19ஐ மட்டும் படித்துவிட்டு "சாட்சி எங்கே" என்று கேட்டு மூடிவிடுகிறார்கள், 20இல் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்லியிருப்பதை யாரும் வாசிப்பதில்லை.

ஒலிவமரம்:
ஏற்றுக்கொள்கிறேன் சிஸ்டர். குற்றம் வேறு, மனஸ்தாபம் வேறு. ஆனால் கடன் விஷயத்தில் எனக்கு இன்னும் நெருடுகிறது. அந்த மன்னியாத ஊழியக்காரன் உவமையில் ராஜா அவன் பட்டிருந்த பதினாயிரம் தாலந்தை அப்படியே விட்டாரே. அவனோ தனக்கு நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன் ஊழியக்காரனை விடவில்லை. நாமும் அவனைப்போல நூறு வெள்ளிப்பணத்துக்கு எழுத்தும் சாட்சியும் என்று போகிறோமே.

மாற்கு_பதினொன்று:
கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. ஒரு நாளும் விடாமல் உழைத்தாலும் 1,60,000 வருஷத்துக்கு மேல். கலிலேயா, பெரேயா இரண்டிலிருந்தும் ஏரோது அந்திப்பாவுக்கு வந்த வரி ஆண்டுக்கு 200 தாலந்து என்று யூத சரித்திர ஆசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அதன் 50 வருஷத் தொகை இது. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

ஆனால் நூறு வெள்ளிப்பணமும் சில்லறை அல்ல, மூன்று மாதத்துக்கு மேலான கூலி. "சின்ன விஷயம், மன்னித்துவிடு" என்று இந்த உவமையை வைத்துச் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நஷ்டம் நிஜமான நஷ்டம்தான் என்று இயேசுவே ஒத்துக்கொள்கிறார். அந்த உடன் ஊழியக்காரன் கேட்டது தள்ளுபடிகூட அல்ல. "என்னிடத்தில் பொறுமையாயிரும்" என்று தவணை கேட்டான். அதையும் கொடுக்காமல் தொண்டையைப் பிடித்ததுதான் குற்றம். ஆகவே கடன் கொடுத்தவர் முதலில் கொடுக்க வேண்டிய இரக்கம் அவகாசம்: மொத்தத்தை மாதத் தவணையாகப் பிரிப்பது, வட்டி கேட்காமல் இருப்பது, சபையில் முகம் கொடுத்துப் பேசுவது. தள்ளுபடி அதற்கு அடுத்தது.

31ஆம் வசனத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் கவனியுங்கள். துக்கப்பட்டார்கள், தங்கள் ஆண்டவனாகிய ராஜாவினிடத்தில் போய் அறிவித்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டு திரிந்ததாக இல்லை.

எம்மாவு_வழி:
எல்லாரும் கொடுத்தவர் பக்கமே பேசுகிறீர்கள். வாங்கியவர் இந்த இழையைப் படித்தால்? அவருக்கு மத்தேயு 5:23-24. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். கேட்டவர்கள் கலிலேயர்கள். பலிபீடமோ எருசலேமில். சமாரியா வழியாக மூன்று நாள் நடை. போக மூன்று, திரும்பி வர மூன்று. அவ்வளவு தூரம் போனாலும் பரவாயில்லை என்கிறார். ஆதித் திருச்சபை இதை அப்படியே எடுத்துக்கொண்டது. 'திதாகே' என்ற பழைய போதனை நூல் 14ஆம் அதிகாரத்தில், தோழனோடு சண்டையாயிருப்பவன் சமாதானமாகிற வரைக்கும் சபை கூடுகையில் சேர வேண்டாம் என்கிறது.

ஆக, மத்தேயு 18இல் பாதிக்கப்பட்டவர் போக வேண்டும், மத்தேயு 5இல் பாதித்தவர் போக வேண்டும். இருவரும் வழியில் சந்தித்துக்கொண்டால் இன்னும் நல்லது. "அவர் வரட்டும்" என்று யாரும் உட்கார்ந்திருக்க இடமில்லை.

வாங்கியவர் செய்ய வேண்டியது: கேட்கும் முன் தானே போக வேண்டும். மன்னிப்புக் கேட்கும்போது "உங்களுக்கு வருத்தமாயிருந்தால் மன்னியுங்கள்" என்பது செல்லாது, அது பழியை எதிராளியின் வருத்தத்தின் மேல் போடுகிறது. "ஆறு மாதத்தில் தருவதாகச் சொன்னேன், தரவில்லை. உங்களைப் பற்றித் தவறாகவும் பேசினேன். மன்னியுங்கள்" என்று செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தில் "ஆனால்" வந்தால் அதற்கு முந்தினதெல்லாம் வீண். அவதூறைக் கேட்டவர்களிடம் தானே போய் "நான் சொன்னது தவறு" என்று ஒவ்வொருவராகத் திருத்த வேண்டும். நாலு பேரிடம் சொன்னதை ஒருவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டு முடிக்க முடியாது. பணத்துக்கு, முழுத் தொகை இல்லாவிட்டாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு சிறு தவணையும் ஒரு தேதியும் கொண்டு போங்கள். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. ஆயக்காரர் தலைவனான சகேயு, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய் (நாலு மடங்காய்)க் கொடுக்க முன்வந்தான். அது ஆட்டைத் திருடினவனுக்கான அளவு (யாத்திராகமம் 22:1), தன் தண்டனையைத் தானே எழுதிக்கொண்டான். "கர்த்தர் வழி திறப்பார்" என்று அவன் சொல்லவில்லை.

ஒலிவமரம்:
சகேயுவை இந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. சரி, மன்னித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அவரை மறுபடி சபைப் பொருளாளராகப் போடலாமா? போடாவிட்டால் மன்னிக்கவில்லை என்பார்கள்.

நெகேமியா_மதில்:
மன்னிப்பு இன்றைக்கே, நம்பிக்கை நாளாக ஆக. லூக்கா 16:10இல் கொஞ்சத்தில் உண்மையுள்ளவன் அநேகத்திலும் என்று வருகிறதே, அதுதான் அளவுகோல். முதலில் பணம் இல்லாத பொறுப்பு, பிறகு இன்னொருவர் கூட எண்ணும் காணிக்கைப் பொறுப்பு. 2 கொரிந்தியர் 8:18-21இல் நன்கொடையை எடுத்துப் போக எல்லாச் சபைகளிலும் பேர்பெற்ற ஒரு சகோதரனைத் தீத்துவோடு சேர்த்து அனுப்பினார்கள், ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு. பவுலுக்கே அந்த ஏற்பாடு வேண்டியிருந்தது. காணிக்கையை எந்தச் சபையிலும் ஒருவர் தனியே எண்ணக்கூடாது, அவர் தவறியவரோ தவறாதவரோ. பொறுப்பு கிடைக்கவில்லை என்பதைத் தாங்கிக்கொள்ளாமல் குதிக்கிறவர் இன்னும் ஆயத்தமாகவில்லை.

பெரேயாக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. உட்கார்ந்து பேசினார்கள், அவர் ஒத்துக்கொண்டார், பாதி கொடுத்தார். மீதிக்கு வழியே இல்லை என்பதும் நிஜம் என்று தெரிகிறது. இப்போது?

கடுகுவிதை:
இப்போது முடிவு முழுக்கக் கொடுத்தவர் கையில். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "மீதியை உங்களால் முடிகிறபோது கொடுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் கேட்பேன்" என்பது ஒன்று. அல்லது "மீதியை விட்டுவிட்டேன்". இரண்டாவதைச் சொன்னால் கடன் சீட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நடுவில் இருந்த இரண்டு பேருக்கும் கணக்கு முடிந்தது என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் மனதில் அவர் இன்னும் கடன்காரராகவே இருப்பார். பிறகு அவர் புதுத்துணி உடுத்தி வந்தால் கணக்குப் போடக்கூடாது. மனதில் கணக்கு ஓடினால் மாற்கு 11:25க்குத் திரும்பிப் போங்கள், அவரிடம் போகாதீர்கள்.

இரண்டுங்கெட்டானாக, விட்டதாகவும் சொல்லாமல் கேட்கவும் கேட்காமல் வைத்துக்கொள்வதுதான் இருவரையும் தின்னும்.

பெரேயாக்காரன்:
அவரே மறுபடி கைமாற்று கேட்டு வந்தால்?

தபீத்தாள்:
கடனாகக் கொடுக்காதீர்கள். திரும்பி வராவிட்டாலும் உங்கள் வீடு தள்ளாடாத அளவு எதுவோ, அதைக் கொடையாகக் கொடுத்து "இது திருப்பித் தர வேண்டாம்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். கையில் இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள், அரிசியோ மருந்தோ வாங்கித் தர முடியுமா என்று கேளுங்கள்.